வெள்ளை மணலில் பட்டினி

மணலைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லித்தான் கடையில் அதை விற்கிறார்கள். சொல்வது பொய்யுமில்லை. தொட்டியில் பழகியதும் வாய் நிறைய மணலை அள்ளும், தாடையை அசைத்து அசைத்து எதையோ பிரித்தெடுக்கும், மிச்ச மணலைச் செவுள் வழியே பொழியும். பழுப்புப் படலம் மூடிக் கிடந்த தொட்டியடி ஒரு வாரத்தில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். வாங்கியவருக்கு மகிழ்ச்சி, பரிந்துரைத்தவருக்குப் பெருமை. அதன் பிறகு மெல்ல மெல்ல மீனின் வயிறு ஒட்டுகிறது. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி எலும்பின் வரம்பு தெரிகிறது. ஒருநாள் காலையில் மீனைக் காணோம். தண்ணீரைச் சோதித்தால் எல்லா அளவும் சரியாகவே இருக்கும்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இது. மணல் சலிக்கும் உளுவைகள் வீட்டுத் தொட்டியில் சாவதற்கு நோயும் காரணம்தான், துள்ளி வெளியே விழுவதும் காரணம்தான்; ஆனால் முதல் காரணம் பசி. எந்த வேலைக்காக அந்த மீனை வாங்குகிறோமோ, அந்த வேலையே அதன் சோற்றுப்பானையைக் காலி செய்துவிடுகிறது. அப்படியானால் அதை வீட்டில் வளர்க்கவே முடியாதா? முடியும். கடற்கரையிலிருந்து சாலைவழி நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பெரம்பலூர் மாவட்ட எறையூரில்கூட முடியும். எந்த நிபந்தனைகளோடு என்பதுதான் கேள்வி.

உளுவை என்ற பெயர் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் ஏரிகளிலும் கிடைக்கும் நன்னீர் உளுவை குழம்புக்குப் போகிற மீன். அதே கோபியிடே குடும்பத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் இனங்கள் உண்டு. மீன்களிலேயே மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. சேற்றில், ஆற்றில், பவளப்பாறையில் என எங்கும் பரவியவை. பவளப்பாறையை ஒட்டிய மணல்வெளியில் வாழும் ஒரு பேரினத்துக்கு டச்சு மீனியலாளர் பீட்டர் பிளீக்கர் 1856-ல் வலென்சியென்னியா என்று பெயரிட்டார். பிரெஞ்சு விலங்கியலாளர் அஷீல் வலென்சியெனின் நினைவாக வைத்த பெயர் அது. அதில் பதினைந்துக்குச் சற்று முன்பின்னாக இனங்கள் இருக்கின்றன. கடைக்கு வருபவை முக்கியமாக மூன்று. உடல் முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள் கொண்ட பியூயெல்லாரிஸ் ஒன்று. கடைக்காரர்கள் இதை டைமண்ட் கோபி என்பார்கள். தலை மஞ்சளாகவும் கண்ணுக்குக் கீழே நீலக் கோடுமாக இருக்கும் ஸ்ட்ரிகாடா இன்னொன்று. கன்னத்தில் நீலப் புள்ளிகள் கொண்ட, அளவில் சற்றுச் சிறிய செக்ஸ்கட்டாட்டா மூன்றாவது. முதல் இரண்டும் ஒரு சாண் அளவுக்கு வளரக்கூடியவை. விரல் நீளத்தில் வாங்கும்போது யாருக்கும் இது தோன்றுவதில்லை.

இந்த மீன்களின் கடல் வாழ்க்கையைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் ஸ்ட்ரிகாடாவைப் பின்தொடர்ந்த ராபர்ட் ரீவிஸும் ஜார்ஜ் பார்லோவும் 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மீன் ஏன் ஒரே துணையோடு வாழ்கிறது என்பதே அவர்களுடைய கேள்வி. ஆணும் பெண்ணும் அருகருகே திரிந்து மேய்கின்றன, ஒரே வளைக்குத் திரும்புகின்றன, முட்டைகளை ஆண் காக்கிறது. ஜப்பானின் ஒகினாவாவில் இதே பேரினத்தின் லாஞ்சிபின்னிஸ் இனத்தை ஆராய்ந்த தாகேஷி தாகேகாகியும் அகினோபு நாகாசோனோவும் இன்னொரு நுட்பத்தைக் கண்டார்கள். ஆண் வளைக்குள் முட்டையோடு இருக்கும்போது, பெண் பவளத் துண்டுகளையும் மணலையும் வாயால் சுமந்துவந்து வளையின் மேல் மேடு கட்டுகிறது. அந்த மேட்டால் வளைக்குள் நீரோட்டம் கூடி முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. வீட்டுத் தொட்டியில் பாறையைச் சாய்த்து, பவளத்தின் மேல் மணல் கொட்டி உரிமையாளரை எரிச்சலூட்டும் அதே வகை மீன், கடலில் இப்படியொரு பொறியாளர்.

இதிலிருந்து தொட்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் வெளிப்படை. இவை பகல் முழுவதும் சிறுகச் சிறுகத் தின்பவை. மணலுக்குள் இருக்கும் கோபிபாட் போன்ற நுண் ஓட்டுயிரிகள், பொடிப் புழுக்கள், சிறு ஆம்பிபாடுகள் இவைதாம் இரை. ஒரு வாய் மணலில் சிக்குவது மிகக் கொஞ்சம். ஆகவே நாளெல்லாம் அள்ளியபடியே இருக்க வேண்டும். கடலில் ஓர் இடம் தீர்ந்தால் அடுத்த இடம் இருக்கிறது, மேய்ந்த இடத்துக்குச் சுற்றிலுமிருந்து உயிரிகள் மறுபடி குடியேறுகின்றன. நான்கடித் தொட்டியில் அடுத்த இடம் கிடையாது.

மணலுக்குள் உயிர் இருக்கிறது என்பதே வீட்டுத் தொட்டி வரலாற்றில் தாமதமாகப் புரிந்த விஷயம். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், இயற்கைக் கடல்நீரும் நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறையும் மெல்லிய காற்றுக்குமிழும் மட்டும் வைத்துப் பவளங்களைத் தொட்டியில் உயிரோடு காட்டி 1961-ல் எழுதினார். எண்பதுகளில் மொனாக்கோவில் ஜான் ஜோபேர் தடித்த மணல் படுகையை வைத்தே தண்ணீரைச் சுத்திகரிக்கும் முறையை உருவாக்கினார். மேல் மணலில் ஆக்சிஜன் உண்டு. அங்குள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. அங்குள்ளவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும். இடையில் புழுக்களும் நுண் ஓட்டுயிரிகளும் மணலைக் கிளறி எல்லாவற்றையும் இயங்க வைக்கும். இந்த ஏற்பாட்டை நம்பித் தொட்டி அமைத்தவர், அந்தப் புழுக்களையும் ஓட்டுயிரிகளையும் தின்பதையே தொழிலாகக் கொண்ட மீனை வாங்கி உள்ளே விடுகிறார். இரண்டு யோசனைகளும் தனித்தனியே சரி. சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். ஆழமான மணல் படுகையா, மணல் சலிக்கும் உளுவையா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

பழுப்புப் படலத்தை ஒழிக்கத்தானே மீன் வாங்குகிறோம் என்பவருக்கு ஒரு வார்த்தை. புதுத் தொட்டியில் வரும் பழுப்பு பெரும்பாலும் டயாட்டம் எனும் நுண்பாசி. தண்ணீரில் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் இருப்பதால் வருவது. ஓரிரு மாதங்களில் தானே அடங்கிவிடுவதும் உண்டு. உளுவை அந்தப் படலத்தைத் தின்று தீர்ப்பதில்லை. புரட்டிப் போடுகிறது, அவ்வளவுதான். பாஸ்பேட் எங்கும் போய்விடவில்லை. மீனுக்குப் போடும் கூடுதல் தீனியாலும் அதன் கழிவாலும் கூடத்தான் செய்யும். தரையைப் பெருக்கிக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுகிற வேலை இது.

எறையூருக்கு வருவோம். பொதுத்துறைச் சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். இப்போது சிப்காட் தொழிற்பூங்காவும் சேர்ந்திருக்கிறது. அங்கே ஒருவர் 200 லிட்டர் தொட்டி வைக்கிறார் என்று கொள்வோம். பியூயெல்லாரிஸ் ஒன்றுக்கு அதற்குக் குறைந்து பயனில்லை. லிட்டரைவிட முக்கியம் தரைப்பரப்பு. உயரமான தொட்டியைவிட நீளமான, அகலமான தொட்டியே இந்த மீனுக்கு ஏற்றது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 200 லிட்டருக்கு 7 கிலோ. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் ஒவ்வொரு முறையும் 700 கிராம். சமையல் உப்போ வேதாரண்யத்துக் கல்லுப்போ இதற்கு உதவாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிய, மெக்னீசியமும் மற்றவையும் பெரும்பாலும் எஞ்சிய நீரோடு போய்விடுகின்றன. பவளத்துக்கு வேண்டிய கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேலும், மெக்னீசியம் 1,300-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். ஆகவே கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைத்தான் வாங்க வேண்டும். மாதச் செலவில் அது கணிசமான இடத்தைப் பிடிக்கும்.

பரங்கிப்பேட்டையிலிருந்தோ கடலூரிலிருந்தோ கேனில் கடல்நீர் கொண்டுவரலாமே என்பது அடுத்த யோசனை. செய்யலாம், ஆனால் கரையில் நின்று மொண்டுவரும் தண்ணீர் அல்ல அது. ஆற்று முகத்துவாரங்களும் தொழிற்சாலைகளும் உள்ள கடற்கரை அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து உப்பளவு இறங்கிவிடும். படகில் தள்ளிப்போய் எடுத்து, அடர்த்தியை அளந்து, இருட்டில் சில நாள் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். இந்த அலைச்சலுக்கு உப்பு வாங்குவதே மேல் என்று பலரும் முடிவு செய்கிறார்கள்.

போர்த் தண்ணீரில் உப்பைக் கரைப்பது மூன்றாவது யோசனை. உள்ளூர் நிலத்தடி நீரின் கடினத்தன்மை குடம் கழுவும் எவருக்கும் தெரியும். அதில் என்ன உப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அதன் மேல் கடல் உப்பைச் சேர்ப்பது குருட்டுக் கணக்கு. ஆர்.ஓ. தண்ணீர், முடிந்தால் அதற்குப் பிறகு அயனி நீக்கும் வடிப்பான், டி.டி.எஸ். மீட்டரில் சுழியை ஒட்டிய அளவு: ஆரம்பம் இதுதான். ஆவியாகும் தண்ணீரை ஈடுசெய்யவும் இதே உப்பில்லாத் தண்ணீர்தான் வேண்டும். சித்திரை வெயிலில் ஆவியாதல் மிக வேகம்; அதைக் கடல்நீரால் ஈடுசெய்பவர் தொட்டியின் உப்பளவை நாள்தோறும் ஏற்றிக்கொண்டே போகிறார்.

வெயிலைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. தொட்டி 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெளியே 40 அடிக்கும். மின்விசிறியை நீர்ப்பரப்பில் திருப்பினால் சில டிகிரி இறங்கும். அக்னி நட்சத்திர நாட்களுக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் தீராது. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு கட்டாயம். தண்ணீர் ஓட்டம் நின்றால் முதலில் மூச்சுத் திணறுவது மணலுக்குள் இருப்பவை. உளுவையின் சோறு அதோடு போயிற்று.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் ஒரு பகுதி ஒருகாலத்தில் கடலடிதான் என்பது வேறு கதை. சி.டி. கே, கன்லிஃப் என்ற இருவர் 1840-களில் தென்னிந்தியாவில் சேகரித்த கடல் புதைபடிவங்களை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து எழுதினார். ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-ல் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து வரைபடமிட்டார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றின் அம்மோனைட்டுகள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள் தொடங்கிப் பவளங்கள் வரை விரிவாக எழுதி 1873-ல் முடித்தார். கல்லக்குடி சுண்ணாம்புப் பாறையில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய திட்டுகளின் எச்சம் உண்டு. அரியலூர் வட்டாரப் பாறைகளில் இறால், நண்டு வகையினம் மணலில் தோண்டிய வளைகளின் அச்சுகூட அப்படியே கல்லாகியிருக்கிறது. உளுவைகள் அந்தக் கடலில் இருந்ததற்குத் தடயமில்லை. அந்தக் குடும்பத்தின் புதைபடிவங்களாகத் தெரிந்தவை எல்லாம் அதற்குப் பிந்திய காலத்தவை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இவ்வளவு சுண்ணாம்பு காலடியில் கிடக்கும்போது, தொட்டிக்குப் பவள மணலை எங்கிருந்தோ ஏன் வரவழைக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும். சுரங்கச் சல்லியைப் பொடித்துச் சலித்துப் போடலாமே? கூடாது. உடைத்த கல்லின் விளிம்புகள் கூர்மையானவை. நாளெல்லாம் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே விடும் மீனுக்கு அது புண்ணையே தரும். களிமண் தூசு தண்ணீரைக் கலக்கும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: ஊட்டத்தூர்த் தொகுதியின் காரைப் பகுதிக் களிமண்ணில் பாஸ்பேட் முடிச்சுகள் ஏராளம் என்பது நிலவியலாளர் நெடுங்காலமாக அறிந்தது. உரத்துக்கு நல்லது, பவளத் தொட்டிக்கு அதைவிடக் கெட்டது இல்லை. புதைபடிவங்களைத் தொட்டி அலங்காரத்துக்கு அள்ளிவருவதும் வேண்டாம். அவை கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு.

ஆற்று மணலும் சரிவராது. பெருவட்டும் கூர்முனையும் சிலிக்காவுமாக இருக்கும். எம்-சாண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடற்கரை மணலில் கருமணல் கனிமங்கள் கலந்திருக்கும். வேண்டியது வழுவழுப்பான, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத, அரகோனைட் மணல். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழம் போதும். மீன் உடலை மறைத்துக்கொள்ளவும் வளை தோண்டவும் அது இடம் தரும்.

பாறை விஷயத்தில் அரியலூருக்கு ஒரு பங்கு கிடைக்கிறது, சிமென்ட் வழியாக. கடலிலிருந்து உயிர்ப்பாறை எடுப்பதற்குப் பதில், போர்ட்லாண்டு சிமென்டும் பவள மணலும் கலந்து ஓட்டைகளோடு வார்த்து, வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து, காரம் முழுவதும் இறங்கிய பிறகு தொட்டியில் வைக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. கடலிலேயே அப்படிச் செய்கிறார்கள்: தூத்துக்குடி அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கக் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கினார்கள். எந்தப் பாறையாக இருந்தாலும் விதி ஒன்று. மணலின் மேல் வைக்காதீர்கள். முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடியில் பாறையை அசையாமல் நிறுத்தி, பிறகு சுற்றிலும் மணல் கொட்ட வேண்டும். உளுவை பாறைக்கு அடியில்தான் வளை தோண்டும். மணலில் நின்ற பாறை அதன் மேலேயே சரியும். கண்ணாடியை உடைத்துக்கொண்டு சரிந்தால் இழப்பு மீனோடு நிற்காது.

மேலே வலை மூடி போடுவதும் இதே வகை வேலை. வளையில் வாழும் மீன் துள்ளாது என்று நினைப்பவர்கள் விடியற்காலையில் தரையில் கருவாடு பொறுக்குகிறார்கள்.

இனி தீனி. உண்மையில் இந்தக் கட்டுரையின் மையம் இதுதான்.

மணலில் இருக்கும் இயற்கை இரை ஒரு கூடுதல் உதவி. அதை நம்பி மீனை விடக்கூடாது. கையால் போடும் தீனியைத் தின்னப் பழக்கினால் மட்டுமே இந்த மீன் ஆண்டுக்கணக்கில் வாழும். சிக்கல் என்னவென்றால், மற்ற மீன்கள் தண்ணீரின் நடுவிலேயே பாய்ந்து தின்றுவிடும். மிதக்கும் குருணை கீழே வந்து சேர்வதே இல்லை. அதனால் நீளமான குழாயிலோ பெரிய சிரிஞ்சிலோ தீனியை எடுத்து, வளை வாசலுக்குப் பக்கத்தில் மணல் மேல் மெதுவாக விட வேண்டும். உறைய வைத்த மைசிஸ் இறால் நல்ல தொடக்கம். தூத்துக்குடி உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறால் உயிரோடு கிடைத்தால் தின்னாத மீனையும் தின்ன வைக்கும். ஆனால் வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்து குறைவு, மீன் எண்ணெயோ பாசியோ ஊட்டிய பிறகே கொடுக்க வேண்டும். சந்தையில் வாங்கும் இறாலையும் மட்டிச் சதையையும் உறைய வைத்து, பொடியாக நறுக்கி, கழுவிப் போடலாம். மூழ்கும் சிறு குருணைக்குப் பழகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரு வேளை நிறையப் போடுவதைவிட, நாளில் மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே முறை. காலையில் சிப்காட் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர் வீட்டில் வேறு யாராவது பகலில் இதைச் செய்வார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்குவது உத்தமம்.

இத்தனை தீனி போட்டால் தண்ணீர் கெடும். கெடுவதைச் சமாளிக்கக் கழிவை நுரையாகப் பிரிக்கும் நல்ல ஸ்கிம்மர் வேண்டும், தண்ணீர் மாற்றம் தவறக்கூடாது. தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப்பில் ஒரு பகுதியைத் தடுத்து, கடற்பாசி வளர்த்து, மீன்கள் எட்டாத அந்த இடத்தில் கோபிபாடுகளைப் பெருகவிட்டால் அவை பம்பு வழியாகச் சிறிது சிறிதாகத் தொட்டிக்கு வந்துகொண்டிருக்கும். முழுச் சோறு ஆகாது, நொறுக்குத் தீனியாகும். தொட்டி வைத்து ஆறேழு மாதத்துக்குள் இந்த மீனைத் தொடாமலிருப்பதற்கும் காரணம் இதுவே. புது மணலில் தின்ன எதுவுமே இருக்காது.

பவளம் வைத்திருப்பவருக்கு இன்னொரு தலைவலி. ஸ்ட்ரிகாடாவுக்கு வாயில் மணலோடு மேலே எழும்பி, நீந்திக்கொண்டே செவுள் வழியாக மணலைத் தூவும் பழக்கம் உள்ளது. தாழ்ந்த பவளங்கள் மேல் மணல் விழும். தினமும் ஊதி அகற்றாவிட்டால் சதை அழுகும். பியூயெல்லாரிஸ் பெரும்பாலும் தரையோடு வேலை செய்வதால் தொல்லை சற்றுக் குறைவு. ஆனாலும் மணலில் நேரடியாகப் பவளத்தை வைக்க இடம் தராது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பவளத் தொட்டிக்கு ஸ்ட்ரிகாடா கடைசித் தேர்வு.

பவளம் என்றதும் சட்டம் வந்துவிடுகிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளமும், கடல் விசிறிகளும் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள பாதுகாப்பு ராமேஸ்வரத்துப் பவளத் துண்டுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போயின. ஆக, இந்தியாவில் சட்டப்படி பவளத் தொட்டி வைப்பவரிடம் இருப்பது உரிய அனுமதியோடு இறக்குமதியான, காகிதம் உள்ள உயிர்களாக இருக்க வேண்டும். காகிதம் எங்கே என்று கேட்டால் கடைக்காரர் முகம் மாறினால் புரிந்துகொள்ளலாம்.

மணல் கிளற மற்ற நாடுகளில் பரிந்துரைக்கப்படும் கடல் அட்டைக்கும் இதே கதி. 2001 முதல் இந்தியாவில் எல்லாக் கடல் அட்டைகளும் பாதுகாக்கப்பட்டவை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பண்ணை போட்டு வளர்க்கிறார்கள். இந்தப் பக்கம் கையில் வைத்திருந்தால் வழக்கு.

உளுவைகள் எங்கிருந்து வருகின்றன? ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடித்தவை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆண்டுக்கு 2 முதல் 2.4 கோடி கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாகவும், அவை 1,471 இனங்களைச் சேர்ந்தவை என்றும் மதிப்பிட்டது. அவற்றில் வளர்ப்பில் பிறந்தவை மிகச் சொற்பம். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டை அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் உளுவைக் குஞ்சுகள் மிக நுண்ணியவை. அவற்றின் வாய்க்கு ஏற்ற இரையை வளர்ப்பதே தனி வேலை. இலங்கையில் அலங்கார மீன் பிடிப்பது பழைய தொழில். தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது, மூழ்கிப் பிடிப்பவர்கள் கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் நகர்கிறார்கள். வலையில் பட்ட நாளிலிருந்து ஏற்றுமதியாளர் தொட்டி, விமானம், இறக்குமதியாளர், கடை என்று மாறி மாறி, பயணத்தில் தண்ணீர் கெடக்கூடாது என்பதற்காகப் பட்டினியே போடப்பட்டு, நம் கைக்கு வரும்போது மீன் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது.

அதனால் முதல் சில வாரங்களுக்குத் தனித் தொட்டி வேண்டும். அங்கே போட்டியில்லாமல் தின்னக் கற்கும், குடற்புழுவுக்கு மருந்தும் கொடுக்கலாம். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட நேர்ந்தால் பவள மணல் வைக்கக்கூடாது. சுண்ணாம்பு செம்பை உறிஞ்சிக்கொள்ளும், மருந்தின் அளவு தப்பும். ஆனால் மணலே இல்லாத வெற்றுத் தொட்டியில் இந்த மீன் மிரளும். ஒரு கிண்ணத்தில் நன்றாகக் கழுவிய, வழுவழுப்பான சிலிக்கா மணல் வைத்தால் போதும்.

ஜோடியாக வாங்குவதா ஒற்றையாகவா? கடலில் இவை ஜோடியாக வாழ்பவை. கடையில் ஏற்கெனவே ஒன்றாகத் திரியும் இரண்டு கிடைத்தால் வாங்கலாம், ஆனால் தீனிச் செலவு இரட்டிப்பு. முன்பின் பழகாத இரண்டைச் சேர்த்து விட்டால் சண்டையே நடக்கும். சிக்னிகோபியஸ் என்றொரு உறவினம் உண்டு. முதுகுத் துடுப்பில் இரண்டு கண்கள் போன்ற புள்ளிகளோடு மிக அழகாக இருக்கும். அதை விட்டுவிடுவதே நல்லது. தேர்ந்தவர்கள் கையிலேயே மாதக்கணக்கில் மெலிந்து சாவதற்குப் பேர்போனது.

எறையூர்க்காரர் ஒருவருக்கு நேர்மையாகச் சொல்வதானால், மணல் சுத்தமாக வேண்டுமென்றால் தண்ணீர் மாற்றும்போது குழாயால் மேல் மணலை உறிஞ்சி எடுங்கள். சிறு நத்தைகள் சில போதும். மணலில் வாழும் உளுவையே வேண்டும் என்றால், துப்பாக்கி இறாலோடு கூட்டுக்குடித்தனம் நடத்தும் வகை இருக்கிறது. கண் மங்கிய அந்த இறால் வளை தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை எப்போதும் மீனின் உடலைத் தொட்டபடி இருக்கும், வால் துடித்தால் இரண்டும் உள்ளே. மஞ்சள் நிறக் கிரிப்டோசென்ட்ரஸ் சிங்க்டஸ் இதில் பிரபலம். அது மணலைச் சலித்து வயிறு வளர்ப்பதில்லை. மிதந்துவரும் தீனியைப் பிடித்துத் தின்னும், நூறு லிட்டருக்குள்ளேயே திருப்தியாக வாழும். பார்க்கவும் சுவாரசியம் அதிகம். வலென்சியென்னியா வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதை வாங்குவதே சரி.

அப்படியும் அந்த ஆரஞ்சுப் புள்ளி மீன்தான் வேண்டும், தொட்டி ஓராண்டு பழகிவிட்டது, பகலில் தீனி போட வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் வாங்குங்கள். கடையில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: உங்கள் கண்ணெதிரே அதற்குத் தீனி போடச் சொல்லுங்கள். வயிறு உருண்டு, போட்டதை எடுத்துத் தின்னும் மீனுக்குப் பணம் கொடுங்கள். தின்னாவிட்டால் முன்பணம் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அப்போதும் தின்னவில்லை என்றால் வாங்காமல் திரும்புங்கள்.